நீலமடைந்த பொதுமக்கள் கவனத்திற்கு

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் தலைமை அலுவலருக்கு ஒரு நாள் கண் எரிந்தது. ஒருவருக்குக் கண் எரிவது அவருடைய சொந்த விஷயம்தானே என்று தோன்றலாம். சாதாரண மனிதர்களைப் பொறுத்தவரை அது சரி. தலைமை அலுவலருக்குக் கண் எரிந்தால் ஊருக்கே எரியும் என்பதை நாங்கள் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம்.

அவருடைய மனைவியின் தம்பி எந்த வேலையிலும் இல்லாததால் எல்லா விஷயங்களையும் படித்து வைத்திருந்தான். அந்த வருடம் அவன் உடல் நல ஆராய்ச்சியில் இறங்கியிருந்தான். வீட்டுக்குள்ளும் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீரைக்கூட மென்று குடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், உங்க மானிட்டர்ல நீல வெளிச்சம் இருக்கு. அதுதான் கண்ணைத் தின்னுது. பெரிய ஆபீஸ்ல எல்லாம் இப்ப மஞ்சளாத்தான் வச்சிருக்காங்க. நீங்க இன்னும் வெள்ளையாவா வச்சிருக்கீங்க?" என்றான்.

அந்த 'இன்னும்' தலைமை அலுவலரைச் சுட்டது. ஓர் அலுவலரை முட்டாள் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வார். பழைய ஆள் என்று மட்டும் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மானிட்டரின் முன் உட்கார்ந்தார். அதன் பொத்தான்கள் முன்பக்கத்தில் இல்லை. முன்னால் வைத்தால் யாராவது பயன்படுத்திவிடுவார்கள் என்று தயாரித்தவர்கள் அஞ்சியிருக்க வேண்டும். திரையின் கீழ்விளிம்புக்கு அடியில், வலது ஓரத்தில், கடுகளவு இடைவெளியில், எல்லாம் ஒரே ஜாடையில் வரிசையாக இருந்தன. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறவரைப்போல அவர் விரல்களால் துழாவி ஒன்றை அழுத்தினார். திரையின் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்களோடு மெனு எழுந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தபோது மெனு போய்விட்டிருந்தது.

இந்த முறை கண்ணாடியை முதலிலேயே மாட்டிக்கொண்டார். மெனு வந்தது. கீழே போக அழுத்தினார், மேலே போனது. மேலே போக அழுத்தினார், வெளியே போனது. மூன்றாவதாக ஒன்றை அழுத்தினார், மானிட்டரே அணைந்துபோனது.

சத்தம் எதுவும் கேட்காததால் சந்தேகப்பட்டு இரண்டாம் ஜன்னல் உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டாம் ஜன்னல் என்பது ஓர் எழுத்தரின் பெயர். பொதுமக்களிடம் விண்ணப்பம் வாங்கும் இரண்டாவது ஜன்னலில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார்.

"கரண்ட் போயிடுச்சா சார்?"

"போகல. நான்தான் அணைச்சேன். சோதனை."

"சரி சார்" என்று இரண்டாம் ஜன்னல் கதவை மரியாதையாகச் சாத்தினார்.

சோதனை மதியம்வரை நடந்தது. ஒரு கட்டத்தில் மொழி என்ற இடத்தில் விரல் இடற, மெனு முழுவதும் கொக்கியும் புள்ளியுமான ஏதோ ஒரு மொழிக்கு மாறிவிட்டது. அது எந்த நாட்டு மொழி என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நல்லவேளையாக நிறங்களுக்கு மொழி வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் வந்தன. கண்ணைத் தின்னும் எதிரியைக் கண்டுகொண்ட தலைமை அலுவலர் நீலப் பட்டையைக் கீழே, இன்னும் கீழே, ஏறக்குறைய அடிமட்டத்துக்கே இறக்கினார். திரை மஞ்சளாயிற்று. கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. சற்றே ஏற்றலாம் என்று பொத்தானை ஆத்திரத்தோடு அழுத்திப் பிடித்தார். திரை நடுவில் ஒரு பூட்டுப் படம் தோன்றியது. அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் அந்தப் பூட்டு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனது.

இந்நிலையில் ஓர் அலுவலர் செய்யக்கூடியவை இரண்டு. யாரையாவது கூப்பிட்டு, தெரியாமல் எதையோ அழுத்திவிட்டேன் என்று சொல்லலாம். அல்லது, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். முதலாவதற்கு நிர்வாகத்தில் முன்னுதாரணம் இல்லை.

மாலையில் கோப்போடு வந்த இரண்டாம் ஜன்னல் திரையைப் பார்த்துத் தயங்கினார். "சார், கொஞ்சம் மஞ்சளா..."

"கண் பாதுகாப்பு. பெரிய ஆபீஸ்ல எல்லாம் இப்படித்தான். நீங்க இன்னும் வெள்ளையாவா வச்சிருக்கீங்க?"

அடுத்த நாள் அலுவலகத்தில் ஒரு மானிட்டர்கூட வெள்ளையாக இல்லை. பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் திரைமேல் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் அது பழகி, மஞ்சள் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. காகிதம் வெள்ளை என்று அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால் காகிதம் வெள்ளையாகவே தெரிந்தது. மனிதர்களை முன்பே தெரியாது. அவர்கள்தான் மஞ்சளாகத் தெரிந்தார்கள்.

முதலில் அகப்பட்டவர் வேன் அக்கா.

வேன் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதே வேனில் பல வருடம் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தார். கதவோரம் நின்றபடி ஓட்டுநரின் கைகால் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்தே பாதி கற்று, மீதியை முறையாகப் பயின்று, அண்மையில்தான் அந்த இருக்கைக்கு வந்திருந்தார். அவருடைய உரிமம் விடுமுறையில் காலாவதியானது. பள்ளியோ அடுத்த திங்கட்கிழமை திறக்கிறது. பள்ளி மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "லைசென்ஸ் புதுப்பிக்காம சாவி தர முடியாதும்மா. எதுக்கும் இன்னொரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன்."

ஸ்டூடியோவில் புதுப் படம் எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, வேன் அக்கா தலைமை அலுவலரின் மேசைக்கு எதிரே போய் நின்றார். அவர் திரையில் ஏறியிருந்த அந்தப் படத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"உங்களுக்குக் காமாலை இருக்கு."

"எனக்கா?"

"முகம், கழுத்து, கண்ணு முழி எல்லாம் மஞ்சள். இந்த உடம்போட பிள்ளைங்களை வச்சு எப்படி வண்டி ஓட்டுவீங்க?"

"சார், நான் இங்கதான் நிக்கறேன். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாருங்களேன்."

"அது முறையில்ல. நான் பார்க்க வேண்டியது விண்ணப்பத்தை. ஆளைப் பார்த்து லைசென்ஸ் குடுத்தா அதுக்குப் பேரு பாரபட்சம். போய் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க."

வேன் அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கடைக் கண்ணாடிகளில் தன்னைப் பார்த்துக்கொண்டே போனார். முதல் கடையில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது கடை வருவதற்குள் கொஞ்சம் தெரிய ஆரம்பித்தது. வீட்டுக்காரர் சலவைக் கடை வைத்திருக்கிறார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மனைவியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு."

"அதிகாரி சொல்றாருங்க. அவ்வளவு பெரிய மனுஷன் பொய்யா சொல்வாரு?"

அன்று இரவு அவர் எண்ணெய்ப் பண்டம் எதையும் தொடவில்லை. பத்தியச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து, தன் இடத்துக்கு வரப்போகும் அந்த இன்னோர் ஆளை நினைத்து நினைத்து அதையும் பாதியில் வைத்துவிட்டார்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, "காமாலை இல்ல, ஒன்னும் இல்ல. இதைவிட நல்ல ரத்தம் வேணும்னா புதுசாச் செஞ்சுதான் வாங்கணும்" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க டாக்டர். ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க."

மருத்துவர் இன்னொரு தடவை பார்த்தார். ரத்தம் பிடிவாதமாக நன்றாக இருந்தது.

தலைமை அலுவலர் அறிக்கையை வரிவரியாகப் படித்தார். எதையும் படிக்காமல் நிராகரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. படித்துவிட்டுத்தான் நிராகரிப்பார்.

"ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு. கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. ஆனா நீங்க மஞ்சளா இருக்கீங்க. அப்போ தப்பு ரிப்போர்ட்ல இல்ல, உங்ககிட்ட."

"ரிப்போர்ட்டே என்னைப் பத்தினதுதானே சார்?"

"இருக்கலாம். ஆனா ரிப்போர்ட்ல முத்திரை இருக்கு. உங்க மேல இருக்கா?"

வேன் அக்காவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இதற்குள் வரிசையில் வந்த லாரிக்காரர், ஆம்புலன்ஸ்காரர், ஓட்டக் கற்றுக்கொண்ட கல்லூரிப் பெண் எல்லாருமே மஞ்சளாக இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. ஊரில் காமாலை பரவியுள்ளதாகவும், பொதுமக்கள் நீரைக் கொதிக்கவைத்து அருந்துமாறும் அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கண் நன்றாக இருந்து, எதிரே இருக்கும் மானிட்டருக்குக் காமாலை வந்தால் என்ன செய்வது என்று பழமொழி சொன்னவர்கள் சொல்லிவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. வேன் அக்கா சலவைக் கடையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். வீட்டுக்காரர் ஒரு பழைய வெள்ளைச் சட்டையை வாளியில் முக்கிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். பேசினாலும் துணியைப் பற்றித்தான் பேசுவார்.

"இந்தா பாரு. வெள்ளைச் சட்டை மஞ்சள் பாஞ்சு வந்தா நான் அதுகூடச் சண்டை போடறதில்ல. ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பறதில்ல. ரெண்டு சொட்டு நீலம் விடுவேன், வெள்ளையாத் தெரியும்."

"அதுக்கு என்னை இந்த வாளியில முக்கப் போறீங்களா?"

"உன்னை எதுக்கு முக்கணும்? போட்டோவை முக்கிட்டாப் போச்சு."

அவர் அதைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். வேன் அக்கா சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போனார்.

ஸ்டூடியோக்காரருக்குத் தொழில் பக்தி அதிகம். "எவ்வளவு நீலம் வேணும்னு சொல்லுங்க. இளநீலமா, ஆகாய நீலமா?"

"ஆபீசருக்கு நான் மனுஷியாத் தெரியற அளவுக்கு."

கம்ப்யூட்டரில் நீலத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில் வேன் அக்கா குளிரில் நின்றவர்போலத் தெரிந்தார். பிறகு கிணற்றில் விழுந்து எடுக்கப்பட்டவர்போலத் தெரிந்தார். "போதுமா?" என்றார் ஸ்டூடியோக்காரர். "அவர் கொஞ்சம் பெரிய அதிகாரி. இன்னும் ஏத்துங்க" என்றார் வேன் அக்கா.

அன்று மாலையே அந்தப் படம் மஞ்சள் திரையில் ஏறியது. தலைமை அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாள் கழித்து அவர் கண்ணெதிரே ஓர் ஆரோக்கியமான முகம்.

"பிரமாதமாத் தேறிட்டீங்களே. என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"நீலம் சார்."

"நீல மருந்தா?"

"எங்க வீட்டுக்காரர் கடையிலயே இருக்கு."

உரிமம் கிடைத்தது. இந்தச் செய்தி தலைமை அலுவலரின் வீடு போய்ச் சேர்ந்ததும் மைத்துனன் மஞ்சள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அன்றுமுதல் நீலப் பாட்டிலில் மட்டுமே தண்ணீர் குடிக்கத் தொடங்கினான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்லவா என்று யாரும் கேட்கவில்லை. உடல் நலத்தில் இறங்கியவனிடம் கேள்வி கேட்டால் பதில் நீளும்.

திங்கட்கிழமை காலை வேன் அக்கா சாவியை வாங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பெரிய சாலைச் சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். உரிம அட்டையை வாங்கிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இதுல நீலமா இருக்கீங்க."

"ஆமா சார்."

"நேர்ல இல்லையே."

"காலையில அவசரமாக் கிளம்பினேன் சார்."

"அட்டையும் ஆளும் ஒத்துப்போகணும்மா. இல்லன்னா வண்டியை ஓரமா நிறுத்தணும்."

பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கு நேரமாகிறது என்று மகிழ்ச்சியோடு கூவினார்கள். வேன் அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். வெயிலுக்காக வேன் ஜன்னலில் நீலத் துணித் திரை ஒன்று மாட்டியிருந்தது. அதை இழுத்துவிட்டார். துணி வழியாக வெயில் பாய, அவர் முகமும் கையும் நல்ல நீலமாயின.

காவலர் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "இப்ப சரியா இருக்கு. போங்க."

அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லா வண்டியிலும் நீலத் திரை தொங்கியது. ஸ்டூடியோ வாசலில் கூட்டம் தாங்கவில்லை. லாரிக்காரரும் ஆம்புலன்ஸ்காரரும் கல்லூரிப் பெண்ணும் நீலமாகி உரிமம் வாங்கினார்கள். ஊரில் காமாலை முற்றாக ஒழிக்கப்பட்டதாகத் தலைமை அலுவலர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். இல்லாத நோயை இவ்வளவு விரைவாக ஒழித்த அலுவலகம் வேறு இல்லை என்பதால், அதை நேரில் கண்டு பாராட்ட மேலிடத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வந்தார்.

ஆய்வாளர் அம்மா கண்டிப்பானவர். தலைமை அலுவலரின் நாற்காலியில் உட்கார்ந்து, மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினார். திருப்பிய கையை எடுக்காமல், கீழ்விளிம்பை இறுகப் பிடித்தபடியே நேர்மையைப் பற்றி நெடுநேரம் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்தப் பூட்டுப் படம் வந்து, திறந்துகொண்டது. தலைமை அலுவலருக்கு வியர்த்தது.

"இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கையை எடுக்க, விரல் எதன்மேலோ பட்டது. கொக்கியும் புள்ளியுமான மெனு எழுந்தது. அதை விரட்ட அவர் இன்னொன்றை அழுத்தினார், அது ஏதோ கேட்டது. சரி என்று இன்னுமொன்றை அழுத்தினார். திரை ஒரு கணம் இருண்டு, கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலப் பளிச்சென்று வெள்ளையாகத் திறந்தது. அதில் வரிசை வரிசையாக நீல முகங்கள்.



"இவங்க எல்லாம் யாரு?" என்றார் ஆய்வாளர் அம்மா.

"ஓட்டுநருங்க மேடம்."

"உயிரோட இருக்காங்களா?"

"வண்டி ஓட்டறாங்க மேடம்."

"யாரு இவங்களுக்கெல்லாம் ஒப்புதல் குடுத்தது?"

தலைமை அலுவலர் இரண்டாம் ஜன்னலைப் பார்த்தார். இரண்டாம் ஜன்னல் உண்மையான ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், "மானிட்டர் மேடம்" என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. தன் தரப்பை எடுத்துரைக்க மானிட்டருக்குப் போதிய அவகாசம் வழங்கப்பட்டது. அது எதுவும் சொல்லாததால் குற்றம் ஏற்கப்பட்டதாகக் கருதி, அதைத் தூசியடைந்த அறை ஒன்றுக்கு மாற்றினார்கள். பொத்தான்களைத் தொடுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதி, புதிய மானிட்டரில் ஒரு சீட்டை ஒட்டினார்கள். ஒட்டியபோது கை பட்டு அதன் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. சீட்டில் எழுதியிருந்த காரணத்தால் அதை யாரும் கூட்டத் துணியவில்லை.

பிறகு ஊர் முழுவதும் அறிவிப்பு வந்தது. "நீலமடைந்த பொதுமக்கள் அனைவரும், தத்தமது இயல்பான நிறத்தை, வரும் புதன்கிழமை அலுவலக நேரத்தில் நேரில் வந்து கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

புதன்கிழமை ஆய்வாளர் அம்மாவே வந்து உட்கார்ந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மதியம் கடந்தும் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் அம்மா வாசலுக்கு வந்தார். பள்ளிவிட்டுத் திரும்பிய வேன் அக்கா அந்தப் பக்கமாக வர, கை காட்டி நிறுத்தினார்.

"உங்க அட்டையை மாத்திக்கணும்னு தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் வரல?"

வேன் அக்கா அட்டையை எடுத்து ஒருமுறை ஆசையாகப் பார்த்தார். "நீலத்துல கொஞ்சம் கலராத் தெரியறேன் மேடம். எங்க வீட்டுக்காரர் பர்ஸுல இதோட நகலைத்தான் வச்சிருக்காரு. இருபது வருஷமா என் போட்டோ வைக்காத மனுஷன்."

"இயல்பான நிறம் இலவசமாத் தர்றோம்மா."

"அதுதான் வீட்டுக் கண்ணாடியில தினமும் இலவசமாக் கிடைக்குதே மேடம். அதுக்கு யாராவது ஆபீஸ் வருவாங்களா?"

ஆய்வாளர் அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். நீலத் திரைக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாம் நீலமாக உட்கார்ந்து கையாட்டினார்கள். அம்மா அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஸ்டூடியோ எங்க இருக்கு?" என்றார்.

ஸ்டூடியோவில் அன்று நல்ல கூட்டம். வண்டி ஓட்டத் தெரியாதவர்களும், உரிமமே தேவைப்படாதவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களும் தெருமுனைவரை நின்றார்கள். தலைமை அலுவலர் தன் குடும்பத்தோடு முன்னாலேயே இடம் பிடித்திருந்தார். மைத்துனன் குடும்பப் படத்துக்கு எவ்வளவு நீலம் என்று ஸ்டூடியோக்காரருக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஆய்வாளர் அம்மா யாருடையது என்று தெரியக் கூடாதென்று தன் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்து, கடைசியாக வரிசையில் நின்றார்.

கடைசி என்று அவர்தான் நினைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால், புதுச் சட்டை போட்டுத் தலையை வாரிக்கொண்டு, நான் நின்றிருந்தேன்.